அப்பா வழியில் பார்த்தால்

நான் வேலை பார்க்கும் விடுதி செங்கம் சாலையில், ஆசிரமத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. பதினோரு அறைகள். காலி செய்பவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள்: சந்தன சோப்பு, பாதி தீர்ந்த தேன் பாட்டில், யோகா பாய். மாடி அறையில் மூன்று மாதம் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தடியாக ஒரு புத்தகத்தை விட்டுப் போனார். உலகத்து மனிதர்களின் பழக்க வழக்கங்களை எப்படிப் படிப்பது என்று அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும் மானிடவியல் பாடப் புத்தகம். வரவேற்பு மேசையில் மத்தியானம் ஈ ஓட்டும் நேரம் ஜாஸ்தி. அதனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு கூட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களோடு கூடவே இரு. சொல்வதை மட்டும் எழுதாதே, செய்வதையும் பார். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொண்டு ஏன் என்று கேள். முதல் அத்தியாயம் இப்படித்தான் போனது. அட, இது நம்மால் ஆகாதா என்று தோன்றியது. புத்தகம் எழுதியவர்கள் காடு மலை எல்லாம் ஏறிப் போயிருந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நான் ஆராய வேண்டிய கூட்டம் தினமும் பதினோரு மணிக்குத் தானே மாடியிலிருந்து இறங்கி வந்து லெமன் டீ கேட்டது.

ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். புருஷனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தால் அவர் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறார். கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்து அறைக்காரரை மூன்று மாதம் தினம் பார்த்தும் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதில்லை. இந்த மூன்றாவதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. நாமெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் போளூர் வருவதற்குள் மாமியார் சண்டை வரைக்கும் கேட்டு முடித்துவிடுகிற ஆட்கள்.

புத்தகத்தின் நடுவில் உறவுமுறைக்கென்று ஒரு அத்தியாயம் இருந்தது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. இப்படிப் படம் போட்டு யாருக்கு யார் என்ன வேண்டும் என்று பார்க்கிறார்கள். புரட்டிக்கொண்டே போனால், அய்யோ, நம் வீடு! பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, கட்டக்கூடாது. மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் கட்டலாம். தென்னிந்தியாவில் இதுதான் வழக்கம் என்று அச்சடித்தே போட்டிருந்தார்கள். பெருமையாக இருந்தது. ஆனால் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண் என் சின்னம்மாவின் மகள்.

பதற வேண்டாம், சொல்கிறேன். என் அம்மா ஒற்றைப் பிள்ளை. சின்னம்மா என்று நான் கூப்பிடுகிறவர் அம்மாவோடு பிறந்தவர் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன்னால், அம்மாவின் வழியில் ஒருத்தியும் அவர் வழியில் ஒருத்தியும் அக்கா தங்கையாக இருந்தார்கள். அந்தக் கணக்கில் இவர்களும் அக்கா தங்கை. சின்னம்மா கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டார். குடும்பத்தோடு திரும்பி வந்து வேங்கிக்காலில் வீடு கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் மகளை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். விடுதி உரிமம் விஷயமாகக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தபோது அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஒரே ஒரு தடவை அண்ணா என்றாள். அடுத்த நாளிலிருந்து பெயரும் இல்லை, முறையும் இல்லை, “இந்தாங்க”தான்.

வீட்டில் சொன்னபோது அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வெளிய எங்கயும் வாயத் தொறந்துடாத. அவ உனக்குத் தங்கச்சிடா.”

“எப்பவோ செத்துப்போன ரெண்டு பேருக்காகவாம்மா?”

“முறைனா முறைதான். அதுல பழசு புதுசுலாம் கெடையாது.”

அவள் வீட்டிலும் அதே கதைதான். “ஆரணில இருந்து ஒரு மாப்ள அடுத்த வாரம் பாக்க வராங்களாம்” என்று போனில் சொன்னாள். “எதனா செய்யறதா இருந்தா இப்ப செய்ங்க. அப்பறமா வந்து மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்காதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஓட்டின ரூட் மறந்தாலும் உறவு மறக்க மாட்டார். அவர் சொல்லச் சொல்ல முக்கோணமும் வட்டமுமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினேன். மூன்றாவது டீ வந்த நேரத்தில் அப்பா தன் அத்தை ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். அந்த அத்தையைக் கலசபாக்கம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். யாருக்கு என்று கேட்டேன். சின்னம்மா புருஷனின் பெரியப்பாவுக்கு.

என் பேனா நின்றுவிட்டது. “அப்பா, அப்படிப் பாத்தா சித்தப்பா உங்களுக்கு அத்தை மகன் முறை. மச்சான்!”

அப்பா தாளை உற்றுப் பார்த்தார். “அட, ஆமாண்டா! இத்தினி வருஷமா அவர சகலைனு கூப்ட்டுக்கினு இருந்திருக்கேன்.”

சித்தப்பா அப்பாவுக்கு மச்சான் என்றால் சின்னம்மா எனக்கு அத்தை. அவர் மகள் என் முறைப்பெண். நான் எழுந்து குதிக்காததுதான் பாக்கி. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாததைக் கோடு போட்டுக் கண்டுபிடித்துவிட்ட திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலமே தாளைச் சுருட்டிக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போனோம். சித்தப்பாவின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். படத்தை அவர் மதிக்கவில்லை, “இன்னாப்பா கோலம் இது” என்றார். ஆனால் அப்பாவின் கலசபாக்கத்து அத்தை அவருக்குப் பெரியம்மா, அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். அப்பா பேச்சை எடுத்ததுமே கண் கலங்கிவிட்டார்.

“ஆம்பள வழிதான் பாக்கணும். சரி, பொண்ணு குடுக்கலாம்” என்றார். “ஆனா ஒண்ணு. இன்னியோட இந்த அக்கா தங்கச்சி பேச்சே இருக்கக்கூடாது. ரெண்டு பொம்பளைங்களும் அண்ணினுதான் கூப்ட்டுக்கணும். பத்திரிகை அடிச்சிட்டு முறைய மாத்தாம இருந்தா நாலு பேரு காறித் துப்புவான்.”

“அதுக்கென்னங்க, செஞ்சிடலாம்” என்று நான்தான் முதலில் சொன்னேன். அப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே மச்சான் மச்சான் என்று தோளில் தட்டிக்கொண்டார்கள். ஆண்களுக்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அம்மாவும் சின்னம்மாவும் அடுப்படி வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். என் கண் சின்னம்மா மகளைத் தேடியதே தவிர அவர்கள் பக்கம் போகவில்லை.

நிச்சயதார்த்தத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை வேங்கிக்கால் வீட்டிலேயே வைத்தோம். தட்டு மாற்றும்போது வெற்றிலை சரிந்தது. பதறிப்போய், “அக்கா, புடிக்கா” என்றுவிட்டார் சின்னம்மா. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். சின்னம்மாவின் முகம் செத்துப்போனது. “புடிங்க அண்ணி” என்று திருத்திச் சொன்னார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, “குடுங்க அண்ணி” என்றாள்.

பிறந்ததிலிருந்து நான் கேட்டு வந்தது வேறு. ஏண்டி, வாடி, உனக்கு அறிவு இருக்கா, உன் மூஞ்சி, போன வைக்கா. சின்னம்மா பெங்களூரில் இருந்தபோது இரண்டு பேரும் தினமும் அரைமணி நேரம் போனில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தபோது சின்னம்மா ரயிலேறி வந்து பதினேழு நாள் கூடப் படுத்திருந்தார். இப்போது அந்த இரண்டு பேரும் வங்கியில் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி, சாப்டீங்களா, நீங்க சாப்டீங்களா என்று கேட்டுக்கொண்டார்கள். கிளம்பும்போது சின்னம்மா கேட் வரைக்கும் வந்தார். பேச வாயெடுத்தவர், கையை மட்டும் கூப்பினார். அம்மாவும் கூப்பினாள். அம்மா அவரைக் கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டுப்புடவையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கஷ்டமா இருக்காம்மா?”

“எனக்குக் கூடப்பொறந்ததுனு யாருடா இருக்கா? அவ ஒருத்திதான் இருந்தா.”

நான் உளறினேன். “நாலு பேரு முன்னாடிதானேம்மா அண்ணி. போன்ல பேசறப்ப, வீட்டுக்குள்ள, ரெண்டு பேரும் எப்பவும் போல வாடி போடின்னே பேசிக்குங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள்.

“வீட்டுக்குள்ள அவ எனக்குத் தங்கச்சினா, வீட்டுக்குள்ள உன் பொண்டாட்டி உனக்கு யாருடா?”

அம்மா எழுந்து புடவை மாற்றப் போனாள்.