நம்பிக்கைக்கு முன்னால் ‘தி’

வார்டில் அவளுக்கு டிக்‌ஷனரி சிஸ்டர் என்று பெயர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. பட்டப்பெயர் வைக்கிற தெம்பு நோயாளிகளுக்கு இருந்தால் அவர்கள் ஏன் படுத்துக் கிடக்கிறார்கள்?

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால் எடுத்துக்கொள்வதாக வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று சொல்லியிருந்தது. திரும்பத் திரும்பக் குப்புற விழுந்தாள். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. அவள் புருஷன் டெய்லர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததும் பின்னாலேயே கிளம்ப வேண்டியதுதான் என்று தையல் மெஷினை விற்றுவிட்டு, மிதிக்க ஒன்றுமில்லாத காலை ஆட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஆங்கிலத்தில் கட்டில், ஊசி, வாளி இவற்றோடு அவளுக்குச் சண்டையே இல்லை. கையால் தொட முடியாத சாமான்கள்தான் அவளைக் கவிழ்த்தன. துக்கம், பொறுமை, நம்பிக்கை. இதில் எதற்குத் தலையில் ‘தி’ என்று தொப்பி வைப்பது, எதை மொட்டையாக விடுவது? போதாக்குறைக்குப் பங்காளிகள் வேறு. நம்பிக்கை என்று கூப்பிட்டால் ஹோப், ட்ரஸ்ட், ஃபெய்த், கான்ஃபிடன்ஸ் என்று குடும்பமே வாசலில் வந்து நிற்கும்.

“அவசரப்படாதீங்க சிஸ்டர்” என்றார் டியூஷன் வாத்தியார். “வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நில்லுங்க. எந்த வார்த்தை? பொதுவா சொல்றீங்களா, மொட்டையா விடுங்க. இன்னாரோட துக்கம், இன்னாரோட பொறுமைன்னா தொப்பி. யோசிச்சிட்டுப் பேசுங்க.”

அவள் நின்றாள். எதற்கெடுத்தாலும் நின்றாள்.

“சாப்பாடு ஆச்சா?” என்று டெய்லர் கேட்டாலும் நின்றாள்.

“என்னடி, அடுப்புல ஏதாவது செத்துப்போச்சா?”

“ஆச்சுங்க” என்று வருவதற்குள் அவருக்குப் பசியே போய்விடும்.

தேர்வுக்கு முந்தைய நாள், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த லாரி டிரைவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. நம்பிக்கை இருக்கா?”

டிரைவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நாளைக்கு வீட்டுக்கே போகலாம். அதைச் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் பழக்கப்படி நின்றுவிட்டாள். ஹோப்பா, ஃபெய்த்தா? இது பொது நம்பிக்கையா, இந்த அம்மாளுடையதா?

நர்ஸ் வாயடைத்து நின்றால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்த எவருக்கும் தெரியும். அந்த அம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது, டிரைவர் உட்பட.

“ஏய், நான் இன்னும் போகலடி! யாரைக் கேட்டு அழற?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். டிக்‌ஷனரி சிஸ்டர் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தேர்வு நடத்தும் பெண்மணி கனிவாகக் கேட்டாள்: யாருக்காவது நீங்கள் ஆறுதல் சொன்னதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆறுதல்! கம்ஃபர்ட்டா, சொலேஸா? தொப்பியா, மொட்டையா? மௌனம் நீண்டது. அந்த மௌனத்துக்குள் கட்டில் காலைப் பிடித்தபடி ஒருத்தி சரிந்துகொண்டே இருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் இவள் வாயைத் திறந்தாள். வந்ததையெல்லாம் கொட்டினாள். தொப்பி போட வேண்டியது மொட்டையாக வந்தது, மொட்டை மூன்று தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. டிரைவர், மனைவி, காய்ச்சல், அழுகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசியில் அவளே அழுதாள்.

அந்தப் பெண்மணி பேனாவை மூடிவைத்துப் புன்னகைத்தாள். டிக்‌ஷனரி சிஸ்டருக்கு அந்தப் புன்னகை நன்றாகத் தெரியும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபிறகு நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்த்து அவளே எத்தனையோ முறை செய்தது.

வாசலில் டெய்லர் காத்திருந்தார். “என்ன ஆச்சு?”

“நல்லா போச்சுங்க” என்றாள், ஒரு நொடிகூட நிற்காமல்.

அவள் நிற்கவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு சரளமாகப் பேசுகிறாள் என்று பூரித்துப்போய், அங்கே குளிருமாமே, கனமான துணியாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்.