இரண்டு மருமகன்மாரின் ஸ்கோப்புகள்

மௌத்தாகி, இப்போது எங்களோடு இல்லாத என் மாமாவை, அதாவது என் மனைவியின் வாப்பாவை நினைத்தால், வெள்ளிக்கிழமை மாலைகளில் எயார் ரைபிளை மடியில் வைத்துக்கொண்டு அவர் குந்தியிருக்கும் காட்சிதான் முதலில் வருகிறது. ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, சற்றுச் சாய்ந்து எழும்பினால் அடுத்த வேலை அதுதான். துப்பாக்கியின் மேல் குறிபார்க்கப் பூட்டியிருக்கும் ஸ்கோப்பைக் கழற்றித் துவாயில் சுற்றி அலுமாரியில் வைப்பார். அலுமாரியில் கிடந்த மற்ற ஸ்கோப்பை எடுத்துப் பூட்டுவார். ஒன்று மூத்த மருமகனாகிய நான் கொழும்பில் வாங்கிக் கொடுத்தது. மற்றது இளைய மருமகன், என் சகலன், கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. ஒரு வாரம் என்னுடையது, அடுத்த வாரம் அவருடையது.

தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்து ஊரொன்றிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு, மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் புத்தளம் வந்தவர் மாமா. ஊரில் இருந்த காலத்தில் பெயர்பெற்ற வேட்டைக்காரராம். வந்த இடத்தில் வேட்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. யுத்தம் முடிந்தபின், கூலிவேலையிலும் சின்ன வியாபாரத்திலும் சேர்த்ததைப் போட்டு, வண்ணாத்திவில்லுப் பக்கம் காட்டோரமாக ஒரு தென்னந்தோட்டம் வாங்கினார். மரங்கள் காய்க்கத் தொடங்கின, குரங்குகளும் வந்தன. குரும்பையைப் பிய்த்து ஒரு கடி கடித்துவிட்டு எறிவதில் அவற்றுக்கு அப்படியொரு சந்தோஷம். மாமா எயார் ரைபிள் ஒன்றை வாங்கினார். ஆனால் உயரத்து ஓலைக்குள் இருப்பது வெறுங்கண்ணுக்குப் பிடிபடவில்லை. "ஒரு ஸ்கோப் இருந்தா நல்லம்" என்று ஒருநாள் பொதுவாகச் சொல்லிவைத்தார். மருமகன்மார் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம்.

இரண்டுமே மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டுபவை. முன்கண்ணாடியின் அகலமும் ஒன்றுதான். விடியற்காலை மங்கலில் என்னுடையது கொஞ்சம் துலக்கம். சகலனுடையதில் குறியைச் சரிசெய்யும் திருகு கைக்கு இதமானது, ஆனால் பாரம் சற்றுக் கூட. விடியற்காலைத் துலக்கத்தைப் பற்றி நான் மாமாவிடம் தேவைக்கு அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு காலை முழுக்க மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லம்" என்று முடித்துவிட்டார். அவருடைய சுபாவம் அது. மகள்மாருக்கு வீட்டு வளவு பிரித்தபோது, கிணறு ஒரு பங்குக்குள் விழுந்துவிட்டதென்று மற்றப் பங்கிலும் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்த மனிதர்.

சிக்கல் என்னவென்றால், ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் குறி தவறிவிடும். மரத்தில் காகிதம் ஒட்டி, சுட்டுப் பார்த்து, திருகி, மறுபடி சுட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். மாமாவுக்கு அது தெரியாததல்ல. தோட்ட வேலைகளுக்கிடையில் குறி ஒருவாறு சரிப்பட்டு வரும்போது அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். பழைய வேட்டைக்காரரின் குண்டு குரங்குக்கு ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அவை ஓடுவதையும் விட்டுவிட்டன. "ரெண்டு மருமகனுக்கும் குறையில்ல, குரங்குக்கும் குறையில்ல" என்று மாமி சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர் திரும்பத் தேடிக்கொண்ட தோட்டம் அது. அந்த முறை தேங்காய் பறிக்க வந்தவர்கள் பாதி மரங்களில் ஏறாமலே போனார்கள்.

பொறுக்கமாட்டாமல் நானே சொன்னேன்: "மாமா, சகலன்ட ஸ்கோப்பையே ஒரேயடியாப் பூட்டிருங்க. நான் கோவிக்கமாட்டன்."

"நல்ல கதை" என்றார். "அவரும் நேத்துப் போன்ல இதையேதான் சொன்னார், மருமகன். உங்கடதப் பூட்டட்டாம்."

விட்டுக்கொடுத்ததிலும் இருவரும் சரிசமம். இனி அவர்தான் முடிவெடுக்க வேண்டும். பாவமாக இருந்தது.

அடுத்த முறை நானும் மனைவியும் போனபோது என் ஸ்கோப் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, மாமா அதைக் கழற்றவில்லை. தோட்டத்தில் குரங்குச் சத்தமும் இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. "என்டதுதான் தெளிவு, என்ன மாமா?" என்று கேட்டேன்.

"தெளிவுல ரெண்டும் ஒண்டுதான்" என்றார். பிறகு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். "ஊர விட்டு வரக்குள்ள சின்னவள நான் தோள்ல தூக்கிட்டு வந்தன். இவள் அவ்வளவு தூரமும் நடந்து வந்தாள். ரெண்டு பேரையும் தூக்க எனக்கு ஏலாமப் போச்சு."

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். "எனக்கு அதொண்டும் ஞாபகமே இல்ல, வாப்பா. சின்னப்புள்ளதானே" என்றாள். மாமாவின் முகம் இளகியது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கினார்.

திரும்பி வரும்போது அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தாள். காட்டுப் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"செருப்பு எந்த இடத்துல அறுந்ததெண்டு கூட எனக்குத் தெரியும்."