மனுதாரருக்குப் பதில்

கடலூர்த் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு இரசாயனக் கம்பெனியின் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த வீடு அந்தக் கம்பெனியின் பின்மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. சிதம்பரத்தில் தங்கி எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன் நான். கம்பெனிகள் ஆட்டக்காரர்கள், அரசு நடுவர், ஆட்டம் ஒழுங்காக நடக்க இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். பிழையில்லாமல் தமிழ் எழுதுவேன் என்பதால் கடிதங்களை எல்லாம் மேலாளர் என் பொறுப்பில் விட்டார்.

சேர்ந்து சில வாரங்களில் ஒரு கவர் வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறார். எங்கள் கழிவுநீர் வாய்க்காலில் கலக்கிறது என்று புகார். அந்த மனு, எங்களைக் கண்காணிக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து 'தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற ஒரு வரிக் கடிதத்தோடு எங்களுக்கே வந்திருந்தது.

"சார், இது நம்ம மேல குடுத்த கம்ப்ளெய்ன்ட். அட்ரஸ் மாறி வந்துடுச்சு போல" என்று மேலாளரிடம் நீட்டினேன்.

அவர் சிரித்தார். "மாறியெல்லாம் வரல தம்பி. பதில நாமதான் எழுதணும்."

"கவர்மெண்ட்டுதானே சார் எழுதணும்?"

"அங்க ஆளு எங்க இருக்குது? இருக்குற ஒருத்தருக்கு வேல ஜாஸ்தி. நாம டைப் பண்ணி மெயில்ல அனுப்புனா அவுங்க லெட்டர்ல போட்டு கையெழுத்துப் போட்டுடுவாங்க. பழைய ஃபைலப் பாரு, மாடல் இருக்கும்."

மாடல் இருந்தது. 'மனுவில் குறிப்பிட்டுள்ள இடத்தில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. புகாரில் கூறியவாறு எதுவும் கண்டறியப்படவில்லை.' யார் ஆய்வு செய்தார்கள் என்று அதில் இருக்காது. ஆளைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கத் தமிழில் வசதி உண்டு. முதல் தடவை கை கூசியது. நாலாவது தடவை டீ குடித்துக்கொண்டே எழுதினேன்.

இரண்டாம் வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. அத்தை மகள்தான். குமராட்சிப் பக்கத்துப் பெண். வந்த மறுநாளே காலையில் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா மாமா இது, நெயில் பாலிஷ ஊத்தி பூண்டு வதக்குன மாதிரி நாத்தம்?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில்தான் இருக்கிறேன். பழகிவிடும் என்றேன். அவளுக்குப் பழகவில்லை. தலைவலி, வாந்தி. டாக்டரிடம் இரண்டு முறை போய் வந்தோம். அதன் பிறகு அவள் என்னிடம் அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வழக்கம்போல் கவரைப் பிரித்தேன். கையால் எழுதிய மனு. மூன்றாவது வரியில், 'நெயில் பாலிஷில் பூண்டு வதக்கியதுபோல் நாற்றம்' என்று இருந்தது. அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன். கீழே என் வீட்டுக் கதவு எண்.

எதிர் மேஜையில் ஆள் இருந்ததால் முகத்தைக் கம்ப்யூட்டருக்குள் புதைத்துக்கொண்டேன். அவள் எனக்குத் தெரியாமல் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள் என்பது ஒரு அதிர்ச்சி. அவள் அரசாங்கத்திடம் சொன்னது நேராக என் மேஜைக்கு வந்திருக்கிறது என்பது இன்னொன்று. மேலாளர் அந்த விலாசத்தைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் கடைசியில் ஜெயித்தது. பத்து நிமிடத்தில் பதிலை அடித்து அனுப்பிவிட்டு, மனுவை ஃபைலின் அடியில் செருகினேன். 'துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். அன்று வீட்டில் நான் எதையும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்திருந்தோம். அவள் பீரோவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, கோச்சிக்காதீங்க. ஒங்க கம்பெனி மேல நான் ஒரு மனு குடுத்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா சங்கடம்னு சொல்லல. பதில் வந்துருக்கு."

உரக்கப் படித்தாள். அரசு முத்திரை, அதிகாரியின் கையெழுத்து, நடுவில் என் வாக்கியங்கள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"கவர்மெண்ட்டே வந்து பாத்துட்டு நாத்தம் இல்லன்னு சொல்லுது. அப்ப எனக்குத்தான் மனசுல ஏதோ கோளாறு போல இருக்குது" என்றாள். அவள் அதை நிஜமாகவே நம்பினாள். கண் கலங்கியிருந்தது.

அதைத் தாங்க முடியவில்லை. "யாரும் வரல. அது நான் எழுதுனது" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கவர் வருவது, மாடல், மெயில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் கலெக்டர் ஆபீசுல குடுத்தது?"

"எங்ககிட்டதான் வந்துச்சு."

"முன்ன குடுத்தவங்களோடதும்?"

தலையாட்டினேன். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். வந்ததும், "நாளைக்கு திங்கக்கெழம. லீவு போடுங்க" என்றாள்.

மறுநாள் இரண்டு பேருமாக வரிசையில் நின்றோம். முந்தைய பதிலைக் கம்பெனியில் உட்கார்ந்து எழுதியவன் நானே என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மேஜையில் இருந்த அலுவலர் இரண்டு முறை படித்தார். "யோசிச்சுத்தான் குடுக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு எண் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் குறைந்தது. இதையாவது அவர்களே விசாரிப்பார்கள் என்று பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். அவர் முன்னால் என் மனு கிடந்தது. மேலே, 'தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற அதே ஒரு வரிக் கடிதம்.

அவர் கத்தவில்லை. என்னைவிட அவர்தான் அதிகம் ஆடிப்போயிருந்தார் என்று தோன்றியது. "ஏன் தம்பி இப்படி? என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார்.

சிதம்பரத்தில் படித்த காலத்து நண்பன் ஒருவன், அந்த ஊர்த் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அங்கே டைப் அடிக்கும் வேலை கிடைத்து, அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோனோம். அவளுடைய தலைவலி ஒரு மாதத்தில் நின்றது. எங்கள் பழைய தெருவுக்கு ஒரு அரசு ஜீப் வந்ததாகவும், கைபம்பிலிருந்து இரண்டு கேனில் தண்ணீர் பிடித்துப் போனதாகவும் பழைய பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். அவள் முகத்தில் அன்று அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தண்ணீர்ச் சோதனையின் முடிவைக் கேட்டு வர நான் கடலூருக்குப் போனேன். கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அந்த அரசு அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாக உட்காரச் சொன்னார். ஃபைலை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு சார். கம்பெனிக்கு அனுப்பிட்டோம். காப்பி வேணும்னா அவுங்ககிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.