சொளவோடுதான் வருவோம்

எங்கள் தெருமுனை சினிமாக் கொட்டகையைப் பற்றித் தென்காசியில் யாரைக் கேட்டாலும் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓடட்டும். நாங்கள் அங்கே எப்படி உட்கார்ந்தோம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

எழுபதுகளில் அந்தக் கொட்டகையின் கீற்றுக் கூரை போய்த் தகரம் வந்தது. பெண்கள் பக்கம் மட்டும் தரையாகவே கிடந்தது. மதியக்காட்சிக்கு நாங்கள் பீடிச் சொளவோடு போவோம். இலை, தூள், நூல் எல்லாம் அந்த முறத்திலேயே இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தபடியே சுற்றுவோம். கையைப் பார்த்துச் சுற்றுகிறவள் என்ன பீடிக்காரி?

மறுநாள் கடையில் பீடி கொடுத்தாக வேண்டும். "சொளவோட போறதுன்னா போ. இல்லன்னா சினிமாவும் கெடையாது, கினிமாவும் கெடையாது" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். வாரத்தில் எனக்கென்று இருந்த பொழுது அந்த ஒரு மதியம்தான்.

ஒரு வருஷம் குற்றாலத்தில் சீசன் பிரமாதம். அருவியில் குளித்த வெளியூர்க் குடும்பங்கள் மதியக்காட்சிக்கு வர ஆரம்பித்தன. கொட்டகை முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் பக்கத்தில் பாதித் தரைக்கு நாற்காலி போட்டார். வாசலில் எங்களை மறித்தார்.

"சொளவெல்லாம் இனிமே உள்ள வரக்கூடாது. தூள் நெடியில சீசன்காரங்க தும்முதாங்க."

"இத்தன வருசமா ஒங்க மூக்கு எங்கன போயிருந்துச்சு அண்ணாச்சி?" என்றாள் எதிர்வீட்டு மைனி. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

அவர் கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமை புதுப்படம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, அழுதா உள்ள விட்டுருவாரா? உக்காரு இங்கன" என்று மைனி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக எல்லோரும் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தோம். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நாங்கள் போன வாரமே பார்த்துவிட்டு, இன்னொரு தரம் பார்க்க வந்த படம். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி மைனி கதையை எடுத்துவிட்டாள்.

"கொலகாரன் வேற யாருமில்லட்டி, அந்த டாக்டருதான்!"

"அப்போ தங்கச்சிக்காரி?" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"அவ எங்க செத்தா? கடைசியில கார்ல வந்து எறங்குதால்லா!"

ஈரத்தலையோடு நின்ற ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், "அப்புறம் எதுக்குப் படம்?" என்று வரிசையை விட்டு நகர்ந்தார். பின்னாலேயே இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. முதலாளி ஓடிவந்தார்.

"வாய மூடுதியளா இல்லியா?"

"எங்க வாயி, எங்க தெரு. போலீச வேணும்னாலும் கூப்பிடுங்க." இதைச் சொன்னது நான். மைனியே திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வரை தினமும் அங்கேயே உட்கார்ந்தோம். தகரக் கொட்டகையில் பேசுகிற வசனம் தெருவுக்குக் கேட்கும். புதுப்படத்தின் கதையும் ஒரே காட்சியில் எங்களுக்குத் தெரிந்துபோகும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கதவை விட்டு விலகினார். சொளவுகளோடு உள்ளே போய், நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம்.

புதுப்படம் சுத்த அறுவை. நாற்காலிக்காரர்கள் இடைவேளையோடு போய்விட்டார்கள். பீடி சுற்றி முடித்த மைனியும் கொட்டாவி விட்டாள். "ஏட்டி, போவமா?"

"நீங்க போங்க மைனி. நான் வரல."

அவள் போனாள். திரையில் 'வணக்கம்' விழுந்து, விளக்குப் போட்டு, ஆள் வந்து தரையைக் கூட்ட ஆரம்பிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.