பத்தரை மணிக்குள் தீர்ந்த விளம்பரம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கட்டி, மலைக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு விட ஆரம்பித்திருந்தோம். கணவருக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலக வேலை. அறைகள் என் பொறுப்பு. ஒரு வருஷம் பார்ப்போம், ஓடவில்லையென்றால் ஏதாவது குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். சமையலறையைத் தாண்டி நான் சொந்தமாகத் தொடங்கிய முதல் காரியம் அது. விடுவேனா?

எங்களிடம் தங்கிவிட்டுப் போன ஒரு ஜெர்மன்காரர்தான் இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார். யாராவது திருவண்ணாமலையில் அறை தேடினால் பக்கவாட்டில் எங்கள் பெயர் வரும். வருவதற்குக் காசில்லை. பெயரை அழுத்தி எங்கள் பக்கத்துக்குள் வந்தால்தான் காசு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்துக்கொள்ளலாம். அது தீர்ந்ததும் அன்றைக்குப் பெயர் மறைந்துவிடும். நன்றாகத்தான் இருக்கிறது என்று கணவரின் கிரெடிட் கார்டில் ஆரம்பித்தேன்.

முதல் வாரம் இரண்டு பேர் மெயில் அனுப்பினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அடுத்த வாரத்திலிருந்து ஒரு விசித்திரம். காலை பத்தரைக்குள் அன்றைய வரம்பு தீர்ந்துவிடும். அத்தனை பேர் வந்து பார்த்திருக்கிறார்கள் என்று கணக்கு காட்டும். மெயில் மட்டும் ஒன்றுகூட வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெயர் சாயங்காலம் வரை நிற்கும்.

நான் மெயில் பார்க்கப் போகும் பிரவுசிங் சென்டர்காரரிடம் கேட்டேன். "போட்டிக்காரங்க வேலையா இருக்கும்மா. உங்க காசைக் காலி பண்றதுக்குனே அழுத்துவாங்க," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தெரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான்கு அறைகள் வைத்திருந்தார். அவர் விளம்பரமும் என் விளம்பரத்துக்கு மேலேயே வரும். அந்த மாதம்தான் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். காய்கறிக் கடையில் பார்த்தால் "ரூம்ல ஆள் இருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். முன்பெல்லாம் அது விசாரிப்பாகத் தெரிந்தது. இப்போது அந்தச் சிரிப்பே சாட்சியாகத் தெரிந்தது. ஞாயிறு மட்டும் அழுத்தாததற்குக்கூட, அன்று அவர் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், மறைவாகச் செய்ய முடியாது என்று நானே காரணம் கண்டுபிடித்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். நானும் அழுத்தத் தொடங்கினேன்.

ஒரே இடத்திலிருந்து செய்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தில் செங்கம் ரோட்டில் நாளுக்கொரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூலை கேபினில் உட்காருவேன். தேடுவது, அழுத்துவது, மூடுவது. மறுபடி தேடுவது. அடுத்தவர் காசை வீணாக்க நான் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர், நான் மகளுக்கு ரகசியமாக வரன் தேடுகிறேன் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஆரணியில் இருப்பதாகச் சொன்னார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

இன்னொரு தண்டனையும் இருந்தது. அக்காவின் பக்கத்தைத் திறந்ததும் அவர் மொட்டை மாடியிலிருந்து மலை தெரிவதுபோல ஒரு படம் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேறு கட்டடம் இல்லாததால், மலைக்குக் கீழே எங்கள் மாடியும் அதில் லுங்கியோடு பல் தேய்க்கும் என் கணவரும் சேர்ந்து விழுந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவர் பிரஷ்ஷோடு என்னையே பார்த்தார்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் பின்னால் பையும் கையுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாவும் நின்றார்.

"என்கிட்ட ரூம் இல்லம்மா. ஒன்றரை மாசம் தங்கணும்னு சொல்றாங்க. நல்ல மாதிரி. உன் ரூம் காலியாதானே இருக்குதுன்னு கூட்டினு வந்தேன்," என்றார்.

காபி கொடுத்தேன். அக்கா குடித்துக்கொண்டே, விளம்பரத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். யார் யாரோ பார்க்கிறார்களாம், ஒருவரும் வருவதில்லையாம். "உனக்காவது நல்லா போவுதா?" என்று அக்கறையாகக் கேட்டார். போகிறது என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த வாரமே பௌர்ணமிக்கு என் நாத்தனார் ஆரணியிலிருந்து வந்தாள். கணவரின் தங்கை. அங்கே பெண்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் சண்டையில்லை, ஒட்டுதலும் இல்லை. சாப்பிடும்போது அவள் பெருமையாகச் சொன்னாள்.

"அண்ணி, உங்க ரூமைப் பத்தி எங்க சென்டர்ல தெரியாதவங்களே இல்ல. இன்டர்நெட் கிளாஸ்ல முதல் பாடமே அதான். தேடுறது எப்படின்னு சொல்லிக் குடுத்து, சைடுல வர்ற உங்க பேரை எல்லாரையும் கிளிக் பண்ண வெச்சுட்டுதான் அடுத்ததுக்கே போவேன். காலைல ரெண்டு பேட்ச்."

ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டேன். லீவுதான் என்றாள்.

கணவருக்குப் புரையேறியது. இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு உடனே சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் கணவர்தான் விளக்கினார். அழுதேவிட்டாள். எனக்காக அவள் இவ்வளவு செய்வாள் என்று நானும் நினைத்ததில்லை.

பாக்கி இருந்தது அக்கா. இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டு, மூன்றாம் நாள் காலை போய்ச் சொன்னேன். சந்தேகப்பட்டது, முந்தானையைப் போட்டுக்கொண்டு போனது, எல்லாவற்றையும். அக்கா எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காசைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

வந்ததுதான் வந்தோம் என்று, இதைப் படிக்கும் உங்களிடமும் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அக்காவின் பக்கத்தில் போட்டிருந்த ஃபோன் நம்பரில் ஒரு எண் குறைந்திருந்தது. முதல் நாளே கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தார். "அழுத்தினதைக்கூட விட்டுர்றேன். என் மேல கோவம், அழுத்தின. நம்பர் தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே. அதுதான்மா மனசுக்கு என்னமோ பண்ணுது."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் என்னிடம் பேசவில்லை. காய்கறிக் கடையில் நான் நிற்பதைப் பார்த்தால் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே இருப்பார். அந்த நம்பரைத் திருத்திக் கொடுத்தது என் நாத்தனார். ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்கா வீட்டில் அரை நாள் உட்கார்ந்து, படத்தையும் மாற்றிவிட்டுப் போனாள். தீபத்தன்று கூட்டம் தாங்காமல் அக்காவே வந்து, இட்லி மாவு ஜாஸ்தியா இருக்குதா என்று கேட்டார். பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அறைகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பின் தெரியாத கடையானாலும் போர்டில் நம்பரோ எழுத்தோ தப்பாக இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிடுவேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஆனால் அடுத்தவர் நஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு கெடுதல்தான் என்று அக்காவின் அந்த ஒரு பார்வையில் தெரிந்துகொண்டதை என்னால் மறக்க முடியவில்லை.