ஒழுகாத குழி

கடைவீதியில் முடிவெட்டும் அண்ணனை எல்லாரும் ‘பளபளா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கத்தி பட்ட கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். இதை ஊரார் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

மலைக்காட்டுக்குள், சாலையே போகாத ஒரு குடியிருப்பில் கழிவறை கட்டித்தர ஆள் வேண்டும், கூலி கிடையாது, சாப்பாடு மட்டும்தான் என்று ஒரு தொண்டுக் குழு கடைக்கு வந்து கேட்டது. பளபளா ஒருத்தரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்துபோய்ப் பெயர் கொடுத்தார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டுப் போனது அந்தக் குடியிருப்புக்குத்தான். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, துணைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, இருட்டின பிறகு புதர்ப்பக்கம் போய்வருகிறாள். மழை இறங்கிவிட்டால் அந்தச் சரிவில் ஆட்டுக்கே கால் நிற்காது. அதற்குள் அவளுக்குக் கதவு போட்ட ஒரு கழிவறை வேண்டும். கேட்டவர்களிடம் மட்டும், “சும்மா காத்து வாங்கப் போறேன்” என்றார்.

“கத்தரிக்கோல் புடிச்ச கை, கரண்டி புடிக்குமா தம்பி?” என்று கேட்டார் வேலையை நடத்திய கொத்தனார் அக்கா.

“எத்தனை முரட்டுத் தாடியைப் பாத்திருக்கேன்! சிமெண்டு என்னக்கா பெருசா அடம்புடிச்சிடும்?”

வாய்தான் அப்படி. மணல் சுமந்தே தோள் தோலுரிந்துபோனது. ஒரு முனகல் இல்லை. தங்கை வீட்டுக் கழிவறைக் குழிப்பக்கம் மட்டும் மற்ற ஆட்களை அண்டவே விடவில்லை. அதில் அக்கா வட்டமாகச் செங்கல் கட்டி, கல்லுக்குக் கல் சந்து விட்டிருந்தார். பளபளாவின் கண்ணுக்கு அது பல் கொட்டிப்போன வாய் மாதிரி இருந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இப்படியா அரைகுறை வேலை? அக்கா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து உள்ளே இறங்கினார். சந்துகளையெல்லாம் கலவையால் அடைத்து, மேலே பூசி, தேய்த்து, மறுபடி தேய்த்து, ஒரு மாப்பிள்ளை முகமாகவே ஆக்கிவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் காலை எல்லாரையும் கூட்டிவைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

“நல்லா பாருங்கக்கா! ஒரு சொட்டு ஒழுகினாலும் நான் மொட்டை அடிச்சுக்கறேன்!”

அக்கா எட்டிப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

“அட பாவி தம்பி! ஒழுகறதுக்குத்தானே சந்து விட்டேன்! தண்ணி மண்ணுக்குள்ள எறங்கணும். இப்படியே விட்டா குழி சீக்கிரமே ரொம்பி, எல்லாம் உன் தங்கச்சி வாசலுக்கு வரும்.”

“அண்ணா, குழிக்கும் சவரம் பண்ணிட்டியா?” என்று தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடியிருப்பே சிரித்தது. பளபளாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“வேற குழி தோண்டிடலாமா மச்சான்?” என்றார் தங்கை வீட்டுக்காரர்.

“எங்க மாப்ளே நேரம்?”

தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, உளியும் சுத்தியலுமாக அவரே குழிக்குள் இறங்கினார். பூசிய கையே கொத்தியது. கொஞ்ச நேரத்தில் அக்காவும் இன்னொரு உளியோடு இறங்கினார். “தள்ளு. இவ்வளவு நல்லா பூசித் தொலைச்சிருக்கியே, உடைக்கவே மனசு வரல” என்றார். அந்த ஒரு வார்த்தையில் பளபளாவுக்கு உயிர் திரும்பி வந்தது. பொழுது சாய்வதற்குள் சந்தெல்லாம் திறந்தாயிற்று. திரும்பவும் தண்ணீர் ஊற்றினார்கள். குழியின் விளிம்பில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பளபளா, “எறங்குது! எறங்குது!” என்று போட்ட கூச்சலில் கோழிகள் கூரை ஏறின.

அப்புறம் குழியை மூடி, பீங்கான் கோப்பை பதித்து, தகரத்தில் சுவர் நிறுத்தினார்கள். கதவு மாட்டிய அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. தங்கை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பழக்கதோஷம், வீட்டுக்காரரும் அண்ணனும் மழையில் நனைந்துகொண்டு வெளியே காவல் நின்றார்கள்.

“ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “அதான் கதவு இருக்குல்ல! போய் வேலையைப் பாருங்க!”

“கேட்டீங்களா மாப்ளே, நம்மளை விரட்டுறா!” என்றார் பளபளா. அடுத்த வீட்டுக் குழிக்குச் செங்கல் தூக்கப் போனவர், எதிரே வந்த ஒருத்தரையும் விடவில்லை. “என் தங்கச்சி என்னைத் தொரத்திட்டா!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டே போனார்.