தாயம்மா வீட்டு வாசலில் நின்ற படகு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பேத்தியும் எடுத்தவள் தாயம்மா. ஆனாலும் அவள் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு அவள் முகம் சரியாகத் தெரியாது. மைன்ஸ் மூடின மறு வருஷமே பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தவள். விடியும் முன்பே சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலேறினால் இருட்டின பிறகுதான் வந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாகப் போய்விடும். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்து அவள் வேலையை விட்டபோது, பக்கத்து வீட்டு மருமகள், "யாரு, ஊருக்குப் புதுசா வந்துகிறீங்களா?" என்று கேட்டாள். தாயம்மா சிரித்துவிட்டு ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆபீஸ் ஆட்கள் வருவதற்குள் ஒரு மாடி முழுக்க நாற்காலிகளைத் துடைத்து முடிக்க வேண்டும். யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நாற்காலிகளைத் தெரியும். ஒன்றில் எப்போதும் பிஸ்கட் தூள் கிடக்கும். ஒன்றில் தைல வாசனை வரும். ஒன்றின் கைப்பிடியை யாரோ நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கீறல் மாதா மாதம் ஆழமாகிக்கொண்டு போனது. என்ன கவலையோ என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் முழங்கால் வலி தாங்காமல் அந்தக் கீறல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கும் நேரம்தான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். திட்டக்கூட இல்லை. "இது உங்களுக்கு இல்லம்மா" என்று மட்டும் சொல்லி, அந்த வாரம் முழுக்க அவளைப் பாத்ரூம் பக்கம் மாற்றிப் போட்டான். தாயம்மா யாரிடமும் சொல்லி அழவில்லை. வேலையை விட்டு வந்த அன்று வீட்டுக்காரர் சுந்தரராஜிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னொருத்தர் உக்கார்ற சீட்ட இனிமே நான் தொடைக்க மாட்டேன். சாமி வந்து உக்காந்தாலும் சரி."

அது நடந்து ஆறு மாசம்கூட ஆகியிருக்காது. சுந்தரராஜ் ஒரு படகைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

சுந்தரராஜ் மைன்ஸில் ஆழமான லெவல்களில் வேலை பார்த்தவர். மைன்ஸ் மூடின பிறகு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் லக்கேஜ் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அவருடைய கூட்டாளி ஃப்ரெடி, பம்ப்செட் மெக்கானிக். ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையானால் பேத்தமங்கலம் பக்கம் ஒரு ஏரிக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். வருஷக் கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரி. நல்ல மழை பெய்து ததும்ப நின்றதும் அதைப் பார்க்கவே ஜனம் வர ஆரம்பித்தது. கரையில் ஒரு படகு விடலாமே என்று ஃப்ரெடிக்குத் தோன்றியது. பஞ்சாயத்தில் கேட்டார்கள், எல்லாருக்கும் மிதவைச் சட்டை இருந்தால் விட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூர் ஓரத்தில் மூடிப் போன ஒரு ரிசார்ட்டில் மோட்டாரோடு பழைய ஃபைபர் படகு ஒன்று சும்மா கிடந்தது. அதை ஆட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

படகு இறங்கினதும் லைன் முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. தாயம்மா கதவைத் திறந்தாள். படகுக்கு முன்னால் அதன் வாசனைதான் வந்தது. மழைக்காலத்தில் மூலையில் போட்டு மறந்த கோணிப்பை நாற்றம். உள்ளே நான்கு ரெக்சின் சீட்டுகள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது தையலெல்லாம் கறுத்து, மேலே புள்ளி புள்ளியாகப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துக் கிடந்தது.

"இன்னாங்க இது?"

"போட்டு."

"போட்டுன்னு எனுக்கும் தெரிது. இந்த ஊர்ல தண்ணி எங்க கீது, போட்டு வுட?"

"ஏரியில கீதுல்ல," என்றார் சுந்தரராஜ். பிறகு, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போல, "சீட்டுதான் கொஞ்சம் தொடைக்கணும்" என்றார்.

தாயம்மா உள்ளே போய்விட்டாள். தான் சொன்னது என்ன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் தொடைக்கிறேன், நானே தொடைக்கிறேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

சொன்னபடி மறுநாளே ஆரம்பித்தார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார். தாயம்மா ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். கம்பி நார் போனால் ரெக்சினில் கீறல் விழும், அந்தக் கீறலில்தான் பூசணம் இன்னும் இறுக்கமாக உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். பிளீச்சிங் அத்தனை கெட்டியாக இருந்தால் நூல் இற்றுவிடும் என்பதும் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கீரையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சீட்டு பளிச்சென்று இருந்தது. சுந்தரராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். மழை வந்தால் நனையக் கூடாதென்று தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, காற்றுப் புகாமல் கயிறு போட்டுக் கட்டினார். அடுத்த வாரம் பிரித்துப் பார்த்தால் முன்னைக்கு இரண்டு பங்கு பூத்திருந்தது.

ஃப்ரெடி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அண்ணா, பெயின்ட் அடிச்சு வுட்டுரலாம். சர்ச்சு கேட்டுக்கு அடிச்ச நீலம் மிச்சம் கீது."

காய்ந்திருந்த பூசணத்தை சுந்தரராஜ் சுரண்டிப் போட, ரெண்டு பேரும் பெயின்ட் அடித்தார்கள். ரெண்டு நாள் காயவிட்டு, சுந்தரராஜ் வெள்ளை வேட்டியோடு ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது பெயின்ட் சீட்டில் இல்லை. ரெக்சின்மேல் அது ஒட்டவே இல்லை; வேட்டியில்தான் அருமையாக ஒட்டியிருந்தது. பின்பக்கம் நீலமாக அவர் திரும்பி நின்றதைப் பார்த்து ஜன்னலுக்குள் தாயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் சத்தம் வெளியே வந்துவிட்டது. ஃப்ரெடியும் சிரித்தான். சுந்தரராஜும் சிரித்தார். சிரிப்பின் நடுவில் இருமல் வந்தது.

அந்த இருமல் நிற்கவில்லை.

மைன்ஸ் தூசி தின்ற நெஞ்சு அவருடையது. குளிர் காலத்தில் இழுக்கும், மற்றபடி தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இருமி இருமி முகம் சிவந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தாயம்மா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். ராபர்ட்சன்பேட்டை டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனாள். என்ன வேலை செய்தார் என்று டாக்டர் கேட்டதற்கு அவள்தான் பதில் சொன்னாள். "பூசணத்த காஞ்சது காஞ்சபடியே தேச்சிகினு இருந்தாரு சார். தூளெல்லாம் மூக்குலதான் போயிருக்கும்." ரெண்டு வாரம் அது பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது சுந்தரராஜ் மெதுவாகச் சொன்னார்: "வித்துடலாம் தாயம்மா. ஃப்ரெடிகிட்ட சொல்லிடறேன்."

"எவன் வாங்குவான் அத?" என்றாள் அவள். கொஞ்ச தூரம் போன பிறகு, "இத்தன நாளா இன்னாத்துக்கு என்ன ஒரு வார்த்த கேக்கல?" என்றாள்.

"நீதான் சொன்னியே, தொட மாட்டேன்னு. உன் வாய்லருந்து அது வந்தப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேன். அதுக்கப்புறம் எப்புடி கேக்கறது?"

அந்த வார்த்தை தாயம்மாவுக்குள் எங்கேயோ போய் இதமாக உட்கார்ந்தது. அன்று நடந்ததை அவள் இவரிடம் சொன்னதே இல்லை. சொல்லாமலே இந்த மனுஷனுக்கு அது தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவரை வீட்டுக்குள் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினாள். மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஃப்ரெடியையும் கட்டச் சொன்னாள்.

"அக்கா, எதுல ஆரம்பிக்கலாம்?"

"தொடைக்கறது அப்புறம். மொதல்ல கயட்டு."

சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் இருந்த பின்களைப் பிடுங்கினார்கள். ரெக்சின் பிரிந்ததும் ஃப்ரெடி ரெண்டடி பின்னால் போனான். உள்ளே ஸ்பாஞ்சு, தண்ணீரில் ஊறின பன் மாதிரி, அழுத்தினால் கறுப்பு நீர் வடிந்தது. பலகை அடிவரைக்கும் இற்றுப்போயிருந்தது. தையல் ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை.

"மேல எவ்ளோ தேச்சாலும் உள்ளருந்துதான் வருது, பாரு," என்றாள் தாயம்மா.

ஸ்பாஞ்சையும் பலகையையும் மூட்டையாகக் கட்டித் தூர எறியச் சொன்னாள். ரெக்சினை முதலில் ஈரப்படுத்தினாள், தூள் பறக்காமல் இருக்க. வினிகரும் தண்ணீரும் கலந்து தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தையல் தையலாகத் தேய்த்தாள். துடைத்து, காலை வெயிலில் காயப்போட்டு, உச்சி வெயில் வருவதற்குள் நிழலுக்கு மாற்றினாள். இப்படி மூன்று தரம். நூல் இற்ற இடங்களை ஆண்டர்சன்பேட்டையில் செருப்பு, பை தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலால் தைத்து வாங்கினாள். புதுப் பலகையில் அடிப்பக்கம் வரிசையாக ஓட்டை போடச் சொன்னாள். கம்பெனி மொட்டை மாடியில் வெளியே போட்டிருந்த நாற்காலிகளுக்கு அப்படித்தான் இருந்தது. மழை விட்டதும் சொட்டிச் சொட்டிக் காய்ந்துவிடும்.

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே லைன் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு மருமகள் தன் ஸ்கூட்டர் சீட்டும் இப்படித்தான் ஆகிறது என்றாள். தாயம்மா அவளுக்கும் வினிகர் அளவு சொல்லிக்கொடுத்தாள். அந்த வாரத்தில் அவள் பேசின பேச்சு, அதற்கு முந்தின இருபது வருஷத்தில் அந்த வாசலில் பேசியிருக்க மாட்டாள்.

எல்லாம் மாட்டி முடித்து, டாக்டர் சொன்ன ரெண்டு வாரமும் கழிந்த பிறகு சுந்தரராஜ் வெளியே வந்து பார்த்தார். நாற்றம் சுத்தமாக இல்லை. ஆனால் வெள்ளை ரெக்சினில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"போவலியே?"

"அது செத்துப்போச்சி. தடம் மட்டும்தான் கீது. தடம் போவாது," என்றாள் தாயம்மா.

படகு விட்ட முதல் ஞாயிறு அவளும் ஏரிக்குப் போனாள். தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டெல்லாம் இல்லை. சீட்டு எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான். பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் ஏற வந்தது. மிதவைச் சட்டை மாட்டிக்கொண்ட அந்த அம்மா, சீட்டின் திட்டுகளைப் பார்த்துத் தயங்கி, கைக்குட்டையால் லேசாக ஒற்றிப் பார்த்தாள். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் உட்காராமல் நின்றாள்.

தாயம்மாவுக்குக் கோபம் வரும் என்று சுந்தரராஜ் பயந்தார். வரவில்லை. "சுத்தம்தாம்மா, கறை மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, இருப்பதிலேயே அதிகத் திட்டு விழுந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா சிரித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

படகு கரையை விட்டதும் தாயம்மா சீட்டை இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் ஃபைபரில் மோதும் சத்தம் சீராக வந்தது. திறந்தபோது கரை தள்ளிப் போயிருந்தது. சுந்தரராஜ் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். இருமவில்லை.

நடு ஏரியில் மோட்டார் ரெண்டு முக்கு முக்கி நின்றுபோனது. ஃப்ரெடி கரையிலிருந்து ஏதோ கத்தினான், ஒன்றும் கேட்கவில்லை. சுந்தரராஜ் மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். காற்று படகை மெல்ல அந்தப் பக்கக் கரைக்குத் தள்ளியது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கயிறு கேட்டு வாங்கி, படகை இழுத்துக் கட்டினார்கள். ஊருக்குள் ஒரு டீக்கடை இருந்தது. காரில் வந்த குடும்பமும், தாயம்மாவும், சுந்தரராஜும் அங்கே உட்கார்ந்து, சுடச்சுட பஜ்ஜி தின்று, ஃப்ரெடி சைக்கிளில் சுற்றி வந்து சேரும் வரைக்கும் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் நின்றதைப் பற்றி ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பு கீது, பாத்தியா?" என்றார் சுந்தரராஜ், திரும்பி வரும்போது.

"பாத்தேன்," என்றாள் தாயம்மா. "அடுத்த வாரம் சோறு கட்டிக்கினு வரலாம்."